மேகத்துக்குள் 231 டிகிரி

பென் நெவிஸை கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பெரிய மேடாகத்தான் தெரியும். 1345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான மலை என்று யாராவது சொன்னால்தான் இன்னொரு முறை நிமிர்ந்து பார்ப்போம். கோடையில் கூட்டம் ஏறுவது அந்தப் பக்கமாகத்தான். 1883-இல் உச்சியில் வானிலை ஆய்வுக்கூடம் கட்டியபோது மட்டக்குதிரைகளில் சாமான் ஏற்றுவதற்காகப் போட்ட பாதை அது. மூச்சு வாங்கும், முழங்கால் வலிக்கும், ஆனால் எங்கேயும் கையை ஊன்ற வேண்டியதில்லை.

வடக்கு முகம் வேறு மலை. 600 மீட்டருக்கும் மேல் எழும்பி நிற்கும் கரும்பாறை, அதன் இடுக்குகளில் கோடை வரைக்கும் கரையாத பனி. எதிரே இருக்கும் கார்ன் மோர் ஜெரக் என்ற 1220 மீட்டர் மலை மேல் ஏறினால்தான் அது முழுதாகக் கண்ணுக்கு நேரே வரும். அங்கிருந்து பென் நெவிஸுக்கு ஓர் ஒடுங்கிய முகடு வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் கிடுகிடு சரிவு, நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பாறைகள், அந்தப் பாறைகள் மேலேதான் வழி. எங்கள் வாக்கிங் கிளப்பில் மூத்தவர்கள் அந்த முகட்டைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். இந்த மே மாதக் கடைசி வார இறுதியில் அவர்களோடு நானும் அதில் நடந்தேன்.

கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கிளாஸ்கோவில் ஒரு சர்ச் ஹாலில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். சின்னத் தொகையாக ஆண்டு சந்தா. பொருளாளர், செயலாளர், நடையை நடத்துபவர் எல்லாருமே உறுப்பினர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. எங்களை அழைத்துப் போன தலைவி ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. வரிசையின் கடைசியில் நடக்கும் பொறுப்பு ஒரு பெரியவருக்கு. கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. அவர் தானாக முன்னால் போய் நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெரியவரின் அப்பாவும் மலைக்காரர். 1930-களில் கிளைட் கரையில் வேலையில்லாமல் நின்ற இளைஞர்கள் பலர் வாரக் கடைசியில் கிளாஸ்கோவை விட்டு நடந்தும் லாரி ஏறியும் மலைகளுக்குப் போனார்கள். பாறைக்கு அடியில் தூங்கினார்கள். அப்படி 1930-இல் கிளைட்பாங்கில் உருவானதுதான் கிரே டூ என்ற மலையேறும் கிளப். பிரிட்டனின் மிகக் கடினமான பாறை வழிகள் சிலவற்றை அந்தத் தொழிலாளிப் பையன்கள்தான் திறந்தார்கள். மலை என்பது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்த எனக்கு, இந்தக் கதைதான் முதலில் பிடித்துப்போனது.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. பொதிகையைத் தினமும் பார்த்து வளர்ந்தேன், ஏறியதில்லை. அகத்தியர் மலை உச்சிக்குக் கேரளப் பக்கமிருந்து போகும் பாதையில் பெண்களை விடமாட்டார்கள் என்றுதான் சின்ன வயதில் கேட்டது. 2018 கடைசியில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். அந்தச் செய்தியை கிளாஸ்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். அடுத்த மாதமே இந்த கிளப்பில் பெயர் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நாலு நாலு பேராகக் காரில் கிளம்பினோம். லோமண்ட் ஏரிக்கரை, ரானக் மூர் என்ற மரமில்லாப் பெருவெளி, கிளென்கோ, ஃபோர்ட் வில்லியம். அடுக்குக் கட்டில் போட்ட தங்குமிடத்தில் இறங்கும்போது ஒன்பதரை. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அங்கே மே மாதத்தில் பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது.

தூங்குவதற்கு முன் தலைவி சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தார். இந்த அரை மணி நேரத்துக்காகவே நான் கிளப்போடு போவேன் என்று சொல்லலாம். நடை மொத்தம் 17 கிலோமீட்டர், ஏற்றம் 1500 மீட்டருக்கு மேல். “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று புதியவர்களைப் பார்த்துக் கேட்டார். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொல்லிவைத்த கணக்கு ஒன்று இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று, 600 மீட்டருக்கு ஒன்று. அந்தக் கணக்குப்படி ஆறு மணி நேரம் வந்தது. “இது நெய்ஸ்மித்தின் கால்களுக்கு. சாப்பாடு, பாறை, நம் கால்கள் எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

பிறகு மலை வானிலை அறிக்கை. ஊர் வானிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உச்சியில் காற்றின் வேகம், அந்தக் காற்றில் நடக்க முடியுமா, உச்சிகள் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு, எந்த உயரத்தில் உறைநிலை என்று தனித்தனியாகச் சொல்வார்கள். காலையில் தெளிவு, மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும், காற்று மிதம். காற்று பலமாக இருந்தால் முகட்டுக்குப் போவதில்லை, ஆற்றங்கரையோடு திரும்பிவிடுவோம் என்று அப்போதே முடிவு செய்து எல்லாரிடமும் சொல்லிவிட்டார். மேலே போய் நின்றுகொண்டு, களைப்பும் ஆசையும் கலந்திருக்கும்போது எடுக்கும் முடிவை அவர் நம்புவதில்லை.

கடைசியாக இரண்டு எண்களை எல்லாரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னார்: 231, 282. ஒவ்வொருவரும் கையால் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம்.

காலை ஏழு மணிக்கு டார்லண்டி அருகே வடமுகக் கார் நிறுத்தத்திலிருந்து நடை. கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரம்தான் அது. ஏற வேண்டிய உயரம் கிட்டத்தட்ட முழுவதையும் காலால்தான் ஏற வேண்டும். காட்டுக்குள் பாதை சீராக ஏறி அல்ட் எ வூலின் ஓடையோரம் திறந்த வெளிக்கு வரும். அங்கிருந்து ஓடையை ஒட்டியே போனால் 680 மீட்டரில், பாறைமுகத்துக்கு நேர் கீழே ஒரு கல் வீடு இருக்கிறது. நாங்கள் அந்த வழியே போகவில்லை, இடப்பக்கச் சரிவில் ஏறினோம். ஆனால் அந்த வீடு மணிக்கணக்கில் எங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அதன் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

அதன் பெயர் சார்ல்ஸ் இங்கிலிஸ் கிளார்க் நினைவுக் குடில். முதல் உலகப் போரில் 1918-இல் மெசபடோமியாவில் இறந்த மகனுக்காகப் பெற்றோர் கட்டியது, 1929-இல் திறந்தார்கள். அப்பாவும் மகனும் ஸ்காட்டிஷ் மவுண்டனியரிங் கிளப்பைச் சேர்ந்தவர்கள். அந்த கிளப்பில் பெண்களுக்கு இடமில்லை. 1889-இல் தொடங்கி, 1990-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா ஜேன் இங்கிலிஸ் கிளார்க் நன்றாகப் பாறை ஏறுபவர். அவரும் மகள் மேபலும் லூசி ஸ்மித் என்ற தோழியும் சேர்ந்து 1908-இல் பெண்களுக்காகவே ஸ்காட்லாந்துப் பெண்கள் மலையேறும் கிளப்பைத் தொடங்கினார்கள். கணுக்கால் வரை பாவாடை கட்டிக்கொண்டு மலையடி வரை போய், பாறை தொடங்கும் இடத்தில் பாவாடையைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு ஏறிய காலம் அது. அந்த கிளப் இன்றைக்கும் நடக்கிறது. பொதிகையைத் தூரத்திலிருந்து பார்த்தே வளர்ந்தவளுக்கு ஜேனின் கதை எவ்வளவு பெரிய தைரியம் என்று சொல்லத் தெரியவில்லை.

சரிவு கடுமையானது. ஹெதர் புதரும் சேறும் முடிந்து, கல் தொடங்கி, பிறகு கல் மட்டும். தலைவியின் வேகம் முதலில் எரிச்சல் தரும் அளவுக்கு மெதுவாக இருக்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்பார். நிற்கவே மாட்டார். எங்களைத் தாண்டி வேகமாகப் போன இளைஞர் கூட்டம் ஒன்றை அரை மணி நேரத்துக்கொரு முறை உட்கார்ந்திருக்கப் பார்த்தோம். நாங்கள்தான் முதலில் உச்சிக்குப் போனோம்.

கார்ன் மோர் ஜெரக்கின் கல் இளஞ்சிவப்புக் கருங்கல். வெயில் பட்டால் மலையே சிவந்து தெரியும். எதிரே பென் நெவிஸ் கருஞ்சாம்பல் நிறம். இடையில் இருப்பது ஒரே ஒரு பள்ளம், ஆனால் கல் வேறு. தலைவி நின்ற ஒரே இடம் இதுதான், ஏனென்றால் அவருக்குள் இருக்கும் ஆசிரியை இங்கே சும்மா இருக்கமாட்டார். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே எரிமலை இருந்தது. அதன் எரிமலைக் குழம்புப் பாறை பிளந்து, கீழே உருகிக் கிடந்த கருங்கல் குழம்புக்குள் அமிழ்ந்தது. பிறகு எல்லாம் இறுகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய், அமிழ்ந்த துண்டுதான் இன்று உயரமாக நிற்கிறது. அதாவது பிரிட்டனின் உச்சி என்று நாம் ஏறுவது, ஒரு காலத்தில் உள்ளே விழுந்தது. நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன்.

அந்த உச்சியில் நின்றபோது வடமுகம் முழுதாகத் திறந்திருந்தது. டவர் ரிட்ஜ் என்ற பாறைக் கொடி மேலிருந்து கீழ் வரை 600 மீட்டர். அதில் நகர்ந்துகொண்டிருந்த இரண்டு சிவப்புப் புள்ளிகள் மனிதர்கள் என்று புரியவே நேரமாயிற்று. உச்சி விளிம்பில் பனி இன்னும் கூரையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே நிற்பவருக்கு அது தரை என்று தோன்றும். அடியில் ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான் அந்த உண்மை தெரிகிறது.

முகடு தொடங்கும்போது மணி பன்னிரண்டரை. மேகம் சொன்னபடி இறங்க ஆரம்பித்திருந்தது, காற்று இல்லை. தலைவி எல்லாரையும் ஒருமுறை முகம் பார்த்துவிட்டு “போகலாம்” என்றார்.

ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் முகடு. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு அடியும் கடினமில்லை. ஒரு பாறையைப் பிடி, அடுத்ததில் கால் வை, உட்கார்ந்து இறங்கு. ஆனால் அந்த அடிகளை முந்நூறு மீட்டர் பள்ளத்துக்கு மேலே வைத்துக்கொண்டே போக வேண்டும், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக. கருங்கல் சொரசொரப்பானது, பூட்ஸ் நன்றாகப் பிடிக்கிறது. உள்ளங்கை மட்டும் உரசி உரசி எரியும். எனக்கு முன்னால் நடந்தவர் ஊன்றிய இடமெல்லாம் ஈரக் கைரேகை தெரிந்தது, பயத்தின் வியர்வை.

பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர், கிளப்புக்குப் புதிது, ஜிம்முக்குப் போகும் உடம்பு. அகலமான பாறை ஒன்றைக் கட்டிக்கொண்டு, “என்னால் முடியாது, திரும்பவும் முடியாது” என்றார். அதே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முழங்கால் ஆடுவது கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

பின்னாலிருந்து வெல்டர் பெரியவர் வந்தார். தைரியம் சொல்லவில்லை, ‘ஒன்றுமில்லை, வா’ என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன் பையைத் திறந்து, ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குடிக்க வேண்டுமானால் பாறையிலிருந்து ஒரு கையை எடுத்தாக வேண்டும். அவர் எடுத்தார். பிறகு பெரியவர், “உன் வலது பூட்ஸைப் பார். அதற்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தட்டையான இடம் இருக்கிறது. அதற்கு அப்பால் மலையே இல்லை என்று வைத்துக்கொள்” என்றார். முகட்டின் உச்சிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு தடம் போகிறது. அந்தத் தடத்தில், ஒவ்வொரு தட்டாகக் காட்டிக் காட்டி, மீதி வழி முழுவதும் பள்ளப் பக்கம் தான் நடந்து அவரைக் கூட்டி வந்தார். முன்னால் போனவர்கள் ஒருவர்கூட ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. வரிசை முழுவதும் அவருடைய வேகத்துக்கு இறங்கியது.

முகடு முடிகிற இடத்தில் மேகம் எங்களை மூடிவிட்டது. தலைவி பையிலிருந்து பாத்தி பேக் என்ற ஒன்றை எடுத்தார். கதவும் கம்பும் இல்லாத நைலான் மூட்டைதான் அது. எல்லாரும் வட்டமாக நின்று தலைக்கு மேலே போர்த்தி, விளிம்பைப் பிருஷ்டத்துக்கு அடியில் இழுத்துவிட்டு உட்கார வேண்டும். இரண்டு நிமிடத்தில் உள்ளே கதகதப்பு வந்துவிடும்; எல்லாருடைய மூச்சும் சேர்ந்து செய்கிற சூடு. ஆரஞ்சுத் துணி வழியே வரும் வெளிச்சத்தில் எல்லார் முகமும் ஒரே நிறம். எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாண்ட்விச் கைமாறியது. நான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொண்டுபோயிருந்தேன். மலைக்கு இதைவிடச் சிறந்த தின்பண்டம் இருப்பதாக நான் நம்பவில்லை: நசுங்காது, உறையாது, கையுறையோடு பிய்க்கலாம். புதியவர் இரண்டு எடுத்துக்கொண்டார். அவர் கை நடுங்கவில்லை.

கடைசி 300 மீட்டர் ஏற்றம் உடைந்த பாறைகளின் மேடு. பாதை என்று ஒன்று இருக்கிறது, மேகத்தில் தெரியாது. வாய் திறந்து பேசியவர் யாருமில்லை.

உச்சி ஒரு பெரிய மைதானம். ஆய்வுக்கூடத்தின் இடிந்த சுவர்கள், நில அளவைத் தூண், கற்குவியல்கள், பனித்திட்டுகள். இங்கே ஆண்டு சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. ஆய்வுக்கூடம் கட்டுவதற்கு முன், 1881-இல், கிளெமென்ட் ராக் என்பவர் ஜூன் முதல் அக்டோபர் வரை தினமும் இந்த உச்சிக்கு ஏறி அளவெடுத்தார். அதே நேரத்தில் அவருடைய மனைவி கீழே ஃபோர்ட் வில்லியமில் அளவெடுத்தார். இரண்டையும் ஒப்பிட்டால்தானே பயன்? பதக்கம் கணவருக்குக் கிடைத்தது. 1904 வரை அந்தக் கூடத்தில் இரவும் பகலும் மணிக்கொரு தரம் அளவுகள் எடுத்தார்கள். 1894 செப்டம்பரில் இரண்டு வாரம் உதவிக்கு வந்த சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர், மேகத்தில் சூரிய ஒளி வரைந்த வளையங்களைப் பார்த்து மயங்கி, அதைப் பரிசோதனைச் சாலையில் உண்டாக்கிப் பார்க்கப் போய், மேக அறையைக் கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்களின் தடத்தை முதன்முதலில் காட்டிய கருவி. 1927-இல் நோபல் பரிசு. அந்த இடிந்த சுவரில் சாய்ந்து நின்று பூட்ஸ் கயிறு கட்டினேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

அப்போதுதான் மேகத்துக்குள்ளிருந்து “டேய், இந்தப் பக்கம்தான்டா வந்தோம்” என்று கேட்டது.

நாலு பையன்கள். முதுகலை படிக்க வந்த மாணவர்கள். ஓட்டப்பந்தயக் காலணி, ஜீன்ஸ், ஒருவனுக்கு மட்டும் மழைக்கோட்டு. சுற்றுலாப் பாதை வழியே வெயிலில் ஏறி வந்தவர்கள் மேகத்தில் மாட்டிக்கொண்டார்கள். போனில் வரைபடம் வைத்திருந்தவனின் போன் குளிரில் அணைந்துவிட்டது. அவர்கள் நடந்துகொண்டிருந்த திசையில் பனி விளிம்பு இருந்தது.

“தம்பி, நில்லுங்க. அந்தப் பக்கம் போகாதீங்க” என்று கத்தினேன்.

ஒரு நொடி அமைதி. “அக்கா... நீங்க தமிழா?”

“ஆமாப்பா. எங்க போறீங்க?”

“கீழதான் அக்கா. கல்லுக் குவியல பாத்து வந்தோம். இப்ப அடுத்தது தெரியல.”

திண்டுக்கல் பையன். உதடு நீலம் பூத்திருந்தது. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் தலைவி தன் பையின் அடியிலிருந்து உபரித் தொப்பி, கையுறை, ஒரு கம்பளிச் சட்டை எல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டார். ஏன் இப்படி வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வரிசையின் நடுவில் ஒருவர் விட்டு ஒருவராக அவர்களை நிறுத்தச் சொன்னார். “ஒரே வரிசை. முன்னாடி போறவங்க முதுகு தெரியணும். தெரியலன்னா உடனே சத்தம் குடுங்க, நடக்காதீங்க” என்று தமிழில் சொன்னேன்.

இனி அந்த இரண்டு எண்கள். பென் நெவிஸ் உச்சியில் மேகம் மூடினால் ஆளைக் கொல்வது திசைதான். வலப்பக்கம் கார்டிலூ கல்லி என்ற வெட்டு உச்சித்தூணுக்கு வெகு பக்கத்தில் வாய் பிளந்து கிடக்கிறது. அதைத் தவிர்க்கிறேன் என்று இடப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனால் ஃபைவ் ஃபிங்கர் கல்லி. பலர் உயிரைவிட்ட இடம். இரண்டுக்கும் நடுவே போக, தூணிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரியில் மேட்டுநிலம் முடிந்து இறக்கம் வரும் வரை. வரைபடத்தின் வடக்குக் கோட்டிலிருந்து வலச்சுற்றாக அளந்து சொல்லும் டிகிரி இது, காந்தமுள்ளுக்கு அந்த ஆண்டின் விலகலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தலைவி காம்பஸை என்னிடம் கொடுத்தார்.

அவர் பக்கத்திலேயே நின்றார், ஆனால் வாய் திறக்கவில்லை. நான் டயலைத் திருப்பி, முள்ளைக் கோட்டுக்குள் கொண்டுவந்து, அம்பு காட்டிய திசையில் எங்கள் ஆள் ஒருவரை முன்னே அனுப்பினேன். மேகத்தில் கரைவதற்குச் சற்று முன் “நில்லுங்கள்” என்று கத்தி, “ஒரு அடி இடது, இன்னும் அரை அடி” என்று அம்புக்கு நேராக நிறுத்தி, அவரிடம் எல்லாரும் போய்ச் சேர்ந்து, மறுபடி ஒருவரை அனுப்பி. பெரியவர் பின்னாலிருந்து அடிகளை எண்ணினார். சமதரையில் அவருக்கு நூறு மீட்டருக்கு 65 இரட்டை அடி, இடது கால் வலது கால் சேர்ந்து ஒன்று. பனியிலும் கல்லிலும் கூடும். அவர் கை உயர்த்தியதும் 282-க்குத் திருப்பினேன். சற்று நேரத்தில் காலடியில் தரை சாயத் தொடங்கியது, கற்குவியல் ஒன்று முன்னால் திரண்டது. திண்டுக்கல் தம்பி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எப்படிக்கா?” என்றான். அவன் கையில் காம்பஸைக் கொடுத்து அடுத்த கற்குவியல் வரைக்கும் அவனையே நடத்த வைத்தேன்.

மலையை அறிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான், கையிலிருந்து கைக்கு. 2018 மார்ச் 11 அன்று போடி பக்கம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்துகொண்டதை நாம் மறக்க முடியாது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இளம்பெண்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்து, அந்தந்த மலையின் மக்களையே வழிகாட்டிகளாக நியமித்தது. மிக நல்ல காரியம். மலையைச் சேர்ந்தவரைவிட யாருக்கு மலை தெரியும்? ஆனால் வருகிறவர் டிக்கெட் வாங்கியவராகவே இருந்துவிட்டால் அந்த அறிவு அவருக்குள் இறங்காது. ஆண்டு முழுவதும் கூடிச் சின்னக் குன்றுகளில் பழகி, வரைபடம் படித்து, வரிசையின் கடைசியில் நடப்பது எப்படி என்று கற்றுக்கொள்கிற கிளப்புகள் நம் ஊர்தோறும் வேண்டும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் கோவையிலும் ஓய்வுபெற்ற வன ஊழியர்களும் ஆசிரியர்களும் எத்தனை பேர் இருக்கிறார்கள்! காசு அதிகம் வேண்டாம், ஒரு ஹாலும் ஒரு வரைபடமும் போதும். எனக்கு இது தீராத ஆசை.

இறக்கம் நீண்டது. சுற்றுலாப் பாதையின் வளைவுகளில் மேகத்துக்குக் கீழே வந்ததும் பையன்களுக்குக் குரல் திரும்பியது. பாதி வழியில் இருக்கும் ஏரியருகே அவர்கள் கிளென் நெவிஸுக்கும் நாங்கள் எங்கள் காருக்கும் பிரிய வேண்டும். தலைவி கம்பளிச் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கிளப்பின் முகவரியைச் சொல்லி அங்கே கொண்டுவந்து கொடு என்றார். அதன் பிறகு எங்களுக்குக் கிடைத்தது சேறு, முழங்கால் வரை. ஓடைக்கரையில் மிட்ஜ் என்ற கண்ணுக்குத் தெரியாத கொசுக்கள், மே மாதத்திலேயே. கார் நிறுத்தத்தில் பூட்ஸ் கழற்றும்போது மணி ஆறேகால்.

ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் படுக்கையை விட்டு எழவில்லை. மற்றவர்கள் நெவிஸ் மலையிடுக்கு வழியே ஸ்டீல் அருவிக்கு மெதுவாக நடந்தோம். 120 மீட்டர் அருவி. அக்கரைக்குப் போக மூன்று கம்பிகளாலான பாலம், ஒன்று காலுக்கு, இரண்டு கைக்கு. முகட்டில் நின்றுபோனவர் அதில் முதல் ஆளாகக் கடந்தார். பெரியவர் வழக்கம் போலக் கடைசி.

கம்பளிச் சட்டை துவைத்து மடித்து ஜூன் மாதக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது, நாலு பேரோடும். செப்டம்பரில் கிளாஸ்கோ பக்கத்தில் இருக்கும் கேம்ப்சி குன்றுகளில் புதியவர்களுக்கான நடை ஒன்றை நடத்தும் பொறுப்பை கிளப் எனக்குக் கொடுத்திருக்கிறது. எர்ல்ஸ் சீட், 578 மீட்டர், பாதை தெளிவில்லாத புல்வெளி, அதனால் காம்பஸ் பழக அருமையான இடம். இங்கே இருக்கும் தமிழர்கள் யாரும் வரலாம், உறுப்பினராக வேண்டியதில்லை. கணுக்கால் மூடும் பூட்ஸ், மழைக்கோட்டு, தொப்பி, கையுறை, விசில், தலையில் மாட்டும் விளக்கு, மதியச் சாப்பாடு கொண்டு வாருங்கள். வரைபடம் நான் தருகிறேன். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் அன்றைக்குக் காயாது.